தாளம் தப்பிய அம்பு



நாமக்கல், சேந்தமங்கலம் சுற்றுப்புறங்களில் வாழ்வோருக்குக் காலைக் கதிரவன் கொல்லிமலைக்குப் பின்னிருந்தே எழுகின்றான். அம்மலையை ஆண்ட ஓரியை வல்வில் ஓரி என்று தமிழுலகம் அழைக்கின்றது. கடையெழு வள்ளல்களுள் அவன் ஒருவன். வன்பரணர் அவனைப் பாடிய புறநானூற்றின் 152-ஆம் பாட்டு ஒரு வேட்டைக் காட்சியைத் தீட்டுகின்றது. அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தியது; அதனைக் கடந்து புலியைக் கொன்றது; புள்ளிமானை உருட்டியது; காட்டுப் பன்றியைச் சாய்த்தது; இறுதியில் புற்றிலே கிடந்த உடும்பில் சென்று தங்கியது.

குருமட நாள்களில் இப்பாட்டைப் படித்த நாம், அந்த அம்பை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டோம். பாட்டின் பிற்பகுதியை ஊன்றிப் பார்த்தோமில்லை. அங்கே, எய்தவன் யாரென அறியாத பாணர் கூட்டத்தின் தலைவன் விறலியரை அழைக்கின்றான், முழவு முழங்குகின்றது, யாழ் இசைக்கின்றது, மூவேழு துறைகளும் முறையாகப் பாடப்படுகின்றன. பாட்டின் முடிவில் ‘கோவே’ என்று விளித்ததும், அது தன்னைக் குறித்ததாகையால் ஓரி நாணுகின்றான். பின்னர் மான் தசையும் மதுவும் மலையிற் கிடைத்த பொன்னும் மணியும் வாரி வழங்குகின்றான். ஆக, வில்லும் தாளமும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருகின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பதை நமக்கு உணர்த்தியவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன். அதற்குக் கருவியாய் அமைந்தது ஒரு கைபேசி விளையாட்டு. அதை உணர்வதற்கு முன்னர் நாம் இழைத்த பிழையையும் மறைக்காமல் இங்கே எழுதுகின்றோம்.

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில், ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். “தோத்திரம் சாமி” என்று கைகூப்பியவர் சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். செவி மந்தமானவர் ஆதலின் உரத்த குரலிலேயே பேசுவார். அவருடைய துயரம் கோவில் வளாகம் முழுவதற்கும் கேட்டது.

“எம் பேரன் ராத்திரியெல்லாம் போனுங்க சாமி. எப்ப முழிச்சுப் பார்த்தாலும் அந்த வெளிச்சம் அவன் மூஞ்சியில அடிக்குது. பள்ளிக்கூடத்துல போய்த் தூங்கறானாம். வாத்தியாரு சொல்லி விட்டிருக்காரு. அம்பு உடற வெளையாட்டாம். நீங்கதான் கண்டிச்சு வைக்கோணும்.”

அப்பையனை நாம் நன்கறிவோம். நம் பீடச் சிறுவர்களுள் ஒருவன். தாய் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தந்தை நேஷனல் பர்மிட் லாரி ஓட்டுபவர். சரக்கேற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். வீட்டிலே பாட்டியும் பேரனுமே. எழுந்தேற்றத்தின்போது மணி அடிக்கும் பணியை அவனிடமே விட்டிருந்தோம். திரு அப்பத்தை நாம் உயர்த்தும் அதே கணத்தில் அவன் மணி ஒலிக்கும். ஒருநாளும் முந்தியதில்லை, பிந்தியதுமில்லை.

மூதாட்டிக்கு ஆறுதல் கூறி அனுப்பினோம். ஆனால் அப்பையனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு தவக்காலத்து முதல் ஞாயிறு. பாலைநிலத்தில் நம் ஆண்டவர் சோதிக்கப்பட்ட நற்செய்தி. மறையுரையில் கைபேசி மோகத்தைக் கடுமையாகச் சாடினோம். அத்துடன் நில்லாமல், “இரவு முழுவதும் திரையிலே அம்பு எய்துகொண்டிருக்கும் பிள்ளைகள், தாங்களே அலகையின் அம்புக்கு இலக்காவதை அறியவில்லை. அத்தகையோர் வெகு தொலைவில் இல்லை, இப்பீடத்தின் அருகிலேயே இருக்கின்றனர்” என்றும் சொல்லிவிட்டோம். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் கோவிலில் இருந்த அத்தனை கண்களும் ஒருசேர அப்பையன்மீது திரும்பியதை நாம் கண்டோம். அவன் தன் முன்னே இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றும் அம்மணி தவறாமல் உரிய கணத்தில் ஒலித்தது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வேறொரு சிறுவன் மணியை எடுத்தான். நாம் திரு அப்பத்தை உயர்த்தி, இறக்கி, முழந்தாளிட்ட பின்னரே மணி ஒலித்தது. அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே. பிந்தி ஒலித்த அம்மணி நம் மனத்தை உறுத்தியது. அவ்வாரமே மாலை வேளையில் அவ்வீட்டை நாடிச் சென்றோம்.

மூதாட்டி கடைக்குப் போயிருந்தார். பையன் திண்ணையில் இருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான், தோத்திரம் சொன்னான், வேறொன்றும் பேசவில்லை. அவனோடு திண்ணையில் அமர்ந்து, “அந்த விளையாட்டை எமக்குக் காட்டு” என்றோம். தயங்கித் தயங்கிக் காட்டினான்.

நாம் எதிர்பார்த்ததுபோல் பளபளக்கும் படம் அன்று அது. கோலமிடும் பெண்கள் வைக்கும் புள்ளிகளைப் போலப் பெரிய பெரிய சதுரப் புள்ளிகளால் ஆகிய, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாணியில் அமைந்த எளிய படம். புள்ளிகளால் ஆன ஒரு சிறு மனிதன். அவன் கையில் வில். எதிரே ஊர்ந்து செல்லும் இலக்கு. பின்னணியில் பறை போன்ற ஓர் ஒலி. மூன்று அடி ஒலிக்கும். நான்காவது அடி ஒலிக்காது. ஒலிக்காத அந்த நான்காவது அடியில் விரலை எடுக்க வேண்டும். அம்பு பாய வேண்டும். அவ்வளவே விளையாட்டு.

எளிதென்றெண்ணி வாங்கிப் பார்த்தோம். பத்து அம்புகள் எய்தோம், பத்தும் வீண். சில முந்தின, பல பிந்தின. அதுவரை இறுகியிருந்த பையனின் முகம் சற்றே மலர்ந்தது.

“கண்ணால பார்க்காதீங்க சாமி. இலக்கு நேரா வந்திருச்சுன்னு பார்த்துட்டு உட்டா பிந்திப் போயிரும். காதால கேளுங்க. மூணு அடியை நல்லாக் கேட்டா நாலாவது எங்க வரும்னு உள்ளுக்குள்ளயே தெரிஞ்சிரும்” என்றான். சொல்லிவிட்டுக் கைபேசியை வாங்கி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, திரையைப் பாராமலே பத்து அம்புகளை எய்தான். பத்தும் இலக்கின் நடுவே தைத்தன. நாமும் கண்களை மூடிக்கொண்டு முயன்றோம். இம்முறை மூன்று தைத்தன.

விசுவாசம் கேள்வியால் உண்டாகின்றது என்று புனித சின்னப்பர் உரோமையர்க்கு எழுதியதைப் பற்றி முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகின்றோம். கேட்பது என்றால் என்ன என்பதை அன்று மாலை ஒரு திண்ணையில் புதிதாய்க் கற்கத் தொடங்கினோம்.

“இவ்வளவு திறமையாய் ஆடுகின்றாயே, இதனைப் பகலில் ஆடலாகாதா? இரவெல்லாம் ஏன் கண் விழிக்கின்றாய்?” என்று வினவினோம். வெகு நேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான்:

“ஆசைக்கு ஆடலைங்க சாமி. தூங்கிரக் கூடாதுன்னு ஆடறேன். அப்பா வண்டிய நிறுத்தி டீ குடிக்கறப்பதான் கூப்பிடுவாரு. ஒரு நாள் பன்னண்டு மணி ஆகும், ஒரு நாள் ரெண்டு மணி ஆகும். அப்பாயிக்குக் காது கேக்காது. ஒரு நாள் நான் தூங்கிட்டேன். ஏழு தடவை கூப்பிட்டிருக்காரு. உங்க ரெண்டு பேருக்கும் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துக்கிட்டே விடிய விடிய ஓட்டுனேன்டான்னு காலையில அழுதாரு. அம்மா செத்தப்பவும் அவரு வண்டியிலதான் இருந்தாரு.”

வாசகர்களே, அவ்வேளையில் நமக்கு நினைவுக்கு வந்தது தசரதன் கதை. இருளிலே ஓசை வந்த திசை நோக்கி அம்பு எய்ய வல்லவன் அவ்வரசன். ஆற்றங்கரையில் குடம் நிறையும் ஓசையைக் கேட்டு, யானை நீர் அருந்துகின்றது என்றெண்ணி அம்பை விடுத்தான். சென்று பார்த்தால், கண்ணிழந்த பெற்றோருக்காகத் தண்ணீர் எடுக்க வந்த ஓர் இளைஞன் குற்றுயிராய்க் கிடந்தான். தசரதன் குறி தவறவில்லை. ஓசையைச் சரியாகவே கேட்டான். அம்பும் சரியாகவே சென்றது. ஆனால் அரைகுறையாய்க் கேட்ட ஓசையை முழுவதும் அறிந்ததாய் எண்ணிக்கொண்டான். நாமும் அதையே செய்தோம். செவி கேளாத பாட்டியின் முறையீட்டைக் கேட்ட மாத்திரத்தில், தந்தையின் குரலுக்காகக் கண் விழித்திருந்த மகன்மீது மறைபீடத்திலிருந்து அம்பு எய்தோம்.

விவிலிய மொழிகளில் பாவத்தைக் குறிக்கும் சொற்களை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் பாவத்துக்கு ‘ஹமார்த்தியா’ என்று பெயர். அதன் வினைச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்பதே பழம்பொருள். எறிந்த ஈட்டி தவறியதைச் சொல்ல ஓமர் அதனைக் கையாளுகின்றார். எபிரேயத்திலும் இவ்வாறே. நீதித் தலைவர்கள் நூலின் இருபதாம் அதிகாரத்தில், பென்யமின் குலத்தைச் சேர்ந்த இடக்கை வீரர் எழுநூறு பேர் ஒரு மயிரிழையைக் குறிவைத்தாலும் தவறாமல் கவண்கல் எறிவர் என்று வருகின்றது. தவறுதல் என்று அங்கே வரும் சொல்லே பிறவிடங்களில் பாவம் செய்தல் என்று வருவது. குருமடத்தில் இதனைப் பாடமாகப் படித்தோம். பலருக்குப் பாடமாகச் சொல்லியும் இருக்கின்றோம். நம்முடைய குறி தவறியதை ஒரு சிறுவனின் முன்னே அமர்ந்து உணர்ந்தது அன்றுதான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பங்குக் குரு ஒருவர் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்பது நம் ஊர்களில் வழக்கமன்று. என்ன மறுமொழி சொல்வதென்று அறியாமல் அவன் கைபேசித் திரையைச் சட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தான். சபை நடுவே எய்த அம்பைச் சபை நடுவேதான் பிடுங்க வேண்டும் ஆதலின், அடுத்த ஞாயிறு மறையுரையின் தொடக்கத்தில், “சில வாரங்களுக்கு முன் இங்கே ஒரு பிள்ளையைக் குறித்து விசாரித்தறியாமல் பேசினோம், பேசியது தவறு” என்று சொன்னோம். அக்குடும்பத்தின் கதையைச் சொல்லவில்லை, அது நம்முடையதன்று. புனித செபஸ்தியார் அம்புகளால் துளைக்கப்பட்டும் மாளவில்லை என்றும், ஐரீன் என்னும் கைம்பெண் அவருடைய புண்களுக்கு மருந்திட்டுப் பிழைக்கச் செய்தார் என்றும் மரபு கூறுகின்றது. அம்பு தைத்த இடத்தில் மருந்திடக் காலம் தாழ்த்தலாகாது.

பின்னர் இவ்வகை விளையாட்டுகளைப் பற்றி விசாரித்தறிந்தோம். 1983-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. அதன் படம் அகலவாட்டில் 256 புள்ளிகளும் உயரவாட்டில் 240 புள்ளிகளுமே கொண்டது. ஐந்து ஒலிகளுக்கு மேல் ஒருசேர எழுப்ப அதனால் இயலாது. அந்த வறுமையினின்று பிறந்ததே புள்ளிப் படப் பாணி. இன்றைய கைபேசிக்கு அவ்வறுமை இல்லை. எனினும் பழமையின்மேல் உள்ள பற்றினால் அப்பாணியை விரும்பியே கைக்கொள்கின்றனர். தாளத்தையே அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகள் 1990-களில் பெருகின. 2006-இல் அதே நிறுவனம் ‘ரிதம் தெங்கோகு’ என்னும் ஒன்றை வெளியிட்டது. பல சிறு விளையாட்டுகளின் தொகுதி அது. ஒவ்வொன்றிலும் தாளத்துக்கு இசைந்து பொத்தானை அழுத்த வேண்டும். ‘தெங்கோகு’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு விண்ணகம் என்று பொருளாம்! தாள விண்ணகம்! அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட இசையமைப்பாளர் சுங்கு என்பவர், பின்னர் தொண்டைப் புற்றுநோயால் குரல்நாண்கள் அகற்றப்பட்டுக் குரலை இழந்ததை 2015-இல் உலகுக்கு அறிவித்தார். ஒலிக்காத அடியிலும் தாளம் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று போலும்.

இதனால், கைபேசி விளையாட்டு யாவும் நன்று என்று நாம் சொல்ல வரவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையும் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. தன்னை அடக்க இயலாமை, மற்றெல்லாக் கடமைக்கும் மேலாக விளையாட்டைக் கருதுதல், கேடு கண்ட பின்னும் விடாது தொடர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் குடும்பங்களைச் சீரழிப்பதை நாமே கண்டிருக்கின்றோம். அவற்றைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நாம் சொல்ல விரும்புவது வேறு. வெளிச்சத்தில் ஒளிரும் முகத்தை மட்டும் கண்டு, உள்ளே இருப்பது இன்னதென்று தீர்ப்பிடலாகாது. அம்பு நேரானது, ஆயினும் கொடியது. யாழின் கோடு வளைந்தது, ஆயினும் இனியது. ஆகவே செயலைக் கொண்டே எதனையும் அறிக என்று வள்ளுவர் 279-ஆம் குறளில் உரைக்கின்றார். நேராய்த் தோன்றிய நம் மறையுரை அம்பாயிற்று. கோணலாய்த் தோன்றிய அப்பையனின் கண்விழிப்பு யாழாயிற்று.

ஓரியின் நினைவாக ஆண்டுதோறும் ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் கொல்லிமலையில் அரசு விழா எடுக்கின்றது. வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகின்றது. 2025-ஆம் ஆண்டு விழாவுக்குப் பீடச் சிறுவர்களை ஒரு வேனில் அழைத்துச் சென்றோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சிறுவர்கள் ஒவ்வொன்றாய் எண்ணினார்கள். ஐம்பதுக்கு மேல் எண்ணும் நிலையில் இருவர் இல்லை! செம்மேட்டில் குதிரைமேல் வில்லேந்தி நிற்கும் ஓரியின் சிலையைப் பார்த்தோம். பிறகு போட்டி நடந்த இடத்துக்குச் சென்றோம்.

எல்லாச் சிறுவர்களும் இலக்குப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்க, நம் பையன் மட்டும் எய்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் சென்றபின் நம் அங்கியைத் தொட்டு, “சாமி, நல்லா எய்யறவங்க எல்லாரும் நாணை இழுத்த பொறவு ஒரே அளவு நேரம் நிக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் அதே அளவு. மத்தவங்க ஒருக்கா வெரசா, ஒருக்கா மெதுவா உடறாங்க” என்றான்.

வில்வித்தையின் அடிப்படையையே அவன் கண்டுகொண்டான். ஒலிம்பிக் போட்டியில் 70 மீட்டர் தொலைவில் 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள பலகையை வைக்கின்றனர். பத்து மதிப்பெண் பெறும் நடுவட்டமோ 12.2 சென்டிமீட்டரே. அவ்வில்லில் மெல்லிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பர். அம்பை உரிய அளவு இழுத்ததும் அதன் முனை தகட்டைக் கடக்கும். தகடு ‘டிக்’ என ஒலிக்கும். அவ்வொலி கேட்டதும் விரல்கள் நெகிழ வேண்டும். கண் இலக்கில் இருப்பினும், அம்பை விடும் கணத்தைச் சொல்வது செவியே! நெஞ்சின் துடிப்பும் இங்கே ஒரு தாளமாகின்றது. துடிப்பைத் தணிக்கும் ஒருவகை மருந்துகளை உட்கொள்வது வில்வித்தையில் குற்றமெனத் தடுக்கப்பட்டுள்ளது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களின் இதயத் துடிப்பைத் தொலைக்காட்சித் திரையிலேயே எண்ணிக் காட்டினர். மருந்தின்றித் தன் நெஞ்சைத் தானே அமைதிப்படுத்திக்கொள்பவனே வில்லாளன்.

அன்று மலையினின்று இறங்குகையில் சிறுவர்களுக்கு அரசர்கள் இரண்டாம் நூலிலிருந்து ஒரு கதை சொன்னோம். இறைவாக்கினர் எலிசா சாகும் தறுவாயில் இருந்தார். அரசன் யோவாசு அவரைக் காண வந்து அழுதான். எலிசா அவனை வில்லை எடுக்கச் சொல்லி, அவன் கைகள்மேல் தம் கைகளை வைத்தார்; கிழக்குச் சன்னலைத் திறந்து எய்யச் சொன்னார். பின்னர், அம்புகளால் தரையில் அடி என்றார். அவன் மூன்று முறை அடித்து நிறுத்திக்கொண்டான். ஐந்தாறு முறை அடித்திருக்கலாகாதா என்று இறைவாக்கினர் சினந்துகொண்டார்.

“மூணு அடியோட நிறுத்திட்டாரா? நாலாவதுதான முக்கியம்!” என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வேன் முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அக்கதையில் நம் உள்ளத்தில் தங்கியது வேறொன்று. எய்தவன் அரசன், அவன் கைகள்மேல் இருந்தவையோ சாகும் கிழவரின் கைகள். பிள்ளைகள் வீரனின் கையிலுள்ள அம்புகள் என்கின்றது 127-ஆம் திருப்பாடல். அந்த அம்புகள் செல்ல வேண்டிய இடம் செல்வதற்கு, நம் கைகள் அவர்கள் கைகளின்மேல் இருக்க வேண்டும். அவர்கள் தலைமேல் ஓங்கியவையாக அன்று.

பெற்றோரே, ஆசிரியரே, உடன் உழைக்கும் குருக்களே, பிள்ளையைக் கண்டிக்குமுன் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்று முறை கேட்ட பின்னரும் பொறுத்திருங்கள். பிள்ளை தன் உள்ளத்திலுள்ள மெய்யைப் பெரும்பாலும் ஒலிக்காத நான்காவது அடியில்தான் சொல்கின்றது. 1623-இல் இதே கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், இந்நாட்டார்க்கு மறையைப் போதிக்குமுன் இந்நாட்டாரின் தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் கேட்டுக் கற்றார். கேட்ட பின்பு பேசியதனாலேயே அவர் பேச்சு செவியேறிற்று.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊர் திரும்பியிருந்த அத்தந்தையோடும் நாம் பேசினோம். இனி இரவு ஒன்பது மணிக்கு, சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துகையில் கூப்பிடுவதாகவும், தவறினால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். மூதாட்டிக்குச் செவிக்கருவி ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தோம். அவர் அதனை ஞாயிறு பூசைக்கு மட்டுமே அணிகின்றார். மற்ற நாள்களில் தேய்ந்துவிடும் என்று தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றார். ஆகையால் தொலைபேசி மணியைக் கேட்கும் பொறுப்பு இன்னமும் பையனுடையதே. சரக்கு இறக்கத் தாமதமாகும் நாள்களில் ஒன்பது மணி அழைப்பு வருவதில்லை. அவ்விரவுகளில் அவன் இன்னும் விழித்திருக்கின்றான் என்பதை அறிவோம். அவன் முகத்தில் விழும் அவ்வெளிச்சத்தை இப்போது நாம் வேறுவிதமாய்ப் பார்க்கின்றோம். தலைவன் எவ்வேளையில் வருவான் என அறியாமல் விளக்கேற்றிக் காத்திருக்கும் பணியாளர்களைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வருகின்றது. அவ்விரவுகளில் நம் செபத்தில் அவனும் இருக்கின்றான். வடக்கே எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் விழித்திருக்கும் அவன் தந்தையும் இருக்கின்றார்.

அவன் மீண்டும் பீடத்துக்கு வந்துவிட்டான். நாம் திரு அப்பத்தை உயர்த்துகின்றோம். அதே கணத்தில் மணி ஒலிக்கின்றது. ஒரு நாள் ஓரக் கண்ணால் அவனைப் பார்த்தோம். அவன் கண்களை மூடியிருந்தான்.